தொட்டுக்கூடப் பார்க்காமல் "கொழுப்புக் கட்டி" என்றார்கள்

எங்கள் தோட்டம் சிவகிரிப் பக்கம். எங்கள் நாய் செவலைக்கு உண்ணி பொறுக்கும்போது, கடைசிக் காம்பை ஒட்டிப் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டது. அதே வரிசையில் முன்னால் தடவினால் இன்னொன்று, சின்னது. அமுக்கினாலும் வலி இல்லை போல, வாலை ஆட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தாள். எட்டு வயது, கருத்தடை செய்யாதவள்.

கால்நடை மருந்தகத்துக்குப் போனால் டாக்டர் கோமாரி தடுப்பூசி முகாமுக்குப் போய்விட்டார். மாடு மிகுந்த ஊர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் வயிற்றெரிச்சல் எல்லாம் அடுத்துப் போன டவுன் கிளினிக் மேல்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே எட்டிப் பார்த்துவிட்டு, "கொழுப்புக் கட்டிங்க, வயசானா வரும்" என்றார். "ஏனுங்க டாக்டர், தொட்டுப் பாக்கலீங்களா?" என்று கேட்டேன். அதற்குள் ஊசி போட்டு, டானிக்கும் ஆயின்மென்டும் எழுதி, பில்லும் வந்துவிட்டது. வயிற்றுக் கட்டிக்கு ஆயின்மென்ட்! தடவிவிட்டுக் கையை எடுப்பதற்குள் நக்கி முடித்துவிட்டாள்.

பக்கத்துத் தோட்டத்து அப்பாரு, "எருக்கம்பாலு வெய்யி கண்ணு, தானா உடைஞ்சிரும்" என்றார். தயவுசெய்து வைக்காதீர்கள். தோல் வெந்து புண்ணாகும், அப்புறம் அறுவை செய்யவே புண் ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

நான் செய்த உருப்படியான காரியம், வாரம் ஒருமுறை ஸ்கேலை வைத்துப் படம் எடுத்தது. பெரிய கட்டி வளர்வது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. இனிப் பொறுப்பதில்லை என்று, மோகனூர் சாலையில் இருக்கும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். கார்க்காரர்கள் நாய் என்றதுமே போனை வைத்துவிட்டார்கள். கடைசியில் தேங்காய் லோடு அடிக்கும் குட்டியானை வண்டி கிடைத்தது.

அங்கே அந்த இளம் டாக்டரம்மா முதலில் செய்தது, பத்துக் காம்பையும் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்ததுதான். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பார்த்தார். பொட்டை நாய்க்குப் பால் சுரப்பியில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றுநோயாக இருக்கும், கையால் தொட்டு மட்டும் யாராலும் உறுதி சொல்ல முடியாது என்றார். தோலில் வரும் மற்றக் கட்டிகளை ஊசியால் உறிஞ்சிப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடிக்கலாமாம். பால் சுரப்பிக் கட்டிக்கு அது போதாது, வெட்டி எடுத்துத்தான் பரிசோதிக்க வேண்டும். அதற்கு முன் நெஞ்சு எக்ஸ்ரே, ஏனென்றால் இது பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குப் போகும். மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே வந்தது நல்லது என்றார். அந்த ஆயின்மென்ட் சீட்டை நான் எடுத்துக் காட்டவில்லை, வாயில் ஏதாவது வந்துவிடும்.

எக்ஸ்ரே சுத்தம். அறுவையும் நல்லபடியாக முடிந்தது.

அறுவையை எங்கே செய்தாலும், வெட்டி எடுத்ததைக் குப்பைக்குப் போக விடாதீர்கள். ஒவ்வொரு கட்டியையும் தனித்தனி பாட்டிலில் போட்டு, சதையைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின் (சதை கெடாமல் காக்கும் திரவம்) ஊற்றி, எந்தக் காம்பு என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். செவலைக்குச் சின்னது சாதாரணக் கட்டி, பெரியது புற்று என்று முடிவு வந்தது. ஒன்றை மட்டும் அனுப்பியிருந்தால்? நல்லவேளை, ஓரம் வரை சுத்தமாக எடுத்துவிட்டார்கள்.

தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்பை அன்றைக்கே உடைத்துவிட்டாள். அம்மா பழைய திருப்பூர் பனியனில் பின்னங்காலுக்கு இரண்டு ஓட்டை போட்டு மாட்டிவிட்டார், தையல் பிரிக்கும்வரை அதுவே தாங்கியது. வலிக்கிறதே என்று நம் பாராசிட்டமால், புரூஃபன் எதையும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது விஷம்.

இனி சில மாதங்களுக்கு ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அதனால் ஃபிலிமை மடிக்காமல் பத்திரப்படுத்துங்கள்.