இரும்பு மாத்திரை எல்லாம் எங்கே போச்சு?

ஆறு வருடம் இரும்பு மாத்திரை விழுங்கியிருக்கிறேன். சாப்பிடும்வரை ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறும், நிறுத்தினால் பழையபடி 9க்கு வந்துவிடும். மாதவிடாய்தான் காரணம் என்றார்கள், நானும் நம்பினேன். அம்மா தன் பங்குக்கு முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், பேரீச்சை என்று தந்துகொண்டே இருந்தார். லிஃப்ட் பழுதான நாட்களில் நாலாம் மாடி ஏறுவதற்குள் இரண்டு முறை படியில் உட்காருவேன். வயிற்று உப்புசம் தனிக் கதை. சிங்கப்பூரில் அதற்கு ஒரே பெயர்தான், கேஸ்ட்ரிக். நான் போன மருந்தகத்திலும் அதையே சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

கடைசியில் வேறொரு மருத்துவர், தலசீமியா (பரம்பரை ரத்தக் குறைபாடு) இல்லை என்று பார்த்துவிட்டு, "இரும்பு உடம்பில் சேர்கிறதா என்று யாராவது பார்த்தார்களா?" என்று கேட்டார். அப்போதுதான் சீலியாக் என்ற சொல்லையே கேள்விப்பட்டேன். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள க்ளூட்டன் உள்ளே போனால் நம் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்குகிறது, சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்து மொட்டையாகிவிடுகின்றன. அடி அதிகம் விழுவது சிறுகுடலின் தொடக்கத்தில், இரும்பு உறிஞ்சப்படுவதும் அதே இடத்தில்தான். நான் விழுங்கிய மாத்திரைக்கெல்லாம் கணக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இதில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். யாரோ போட்ட காணொளியைப் பார்த்து இரண்டு மாதமாகச் சப்பாத்தி, ரொட்டி எல்லாவற்றையும் நானே நிறுத்தியிருந்தேன், வயிறும் லேசாகத்தான் இருந்தது. ஆனால் ரத்தப் பரிசோதனை தேடுவது க்ளூட்டன் உள்ளே போவதால் உடம்பு தன் மீதே கிளப்பும் எதிர்ப்பொருளை. கோதுமையை நிறுத்தினால் அது குறைந்துவிடும், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். அதனால் மறுபடி ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிடச் சொன்னார். மருத்துவர் சொல்லிப் பிராட்டா (பரோட்டா) சாப்பிட்ட ஆள் இந்தப் புளோக்கில் நான் ஒருத்திதான் இருப்பேன்! சாப்பிட்டேன், அவதிப்பட்டேன், அப்புறம் அந்த எதிர்ப்பொருளைப் பார்க்கும் டிடிஜி ஐஜிஏ ரத்தப் பரிசோதனை, கூடவே மொத்த ஐஜிஏ அளவு (ஐஜிஏ ஒரு வகை எதிர்ப்பொருள், அதுவே குறைவாக இருப்பவர்களுக்கு முதல் பரிசோதனை ஏமாற்றிவிடுமாம்), கடைசியாக எண்டோஸ்கோப்பி செய்து குடலிலிருந்து சதைத் துணுக்கு எடுத்து உறுதி செய்தார்கள். அப்போது எனக்கு 41 வயது.

"நாம சோறு சாப்பிடறவங்க, இது பஞ்சாபிக்காரங்களுக்கு வர்றதாச்சே" என்றார் மாமா. கோதுமை அதிகம் தின்னும் வட இந்தியாவில்தான் கூடுதல் என்பது உண்மை. ஆனால் நம் வீட்டுக் கணக்கைப் பாருங்கள்: காலையில் ரொட்டி, மதியம் மீ கோரிங் (அதுவும் கோதுமை நூடுல்ஸ்தான்), சர்க்கரைக்குப் பயந்து ராத்திரி சப்பாத்தி. சோறு எங்கே இருக்கிறது?

இந்த நோய் உள்ளவரின் பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கலாம் என்றதும் மகளை நினைத்தேன். தொடக்கநிலை மூன்று, வகுப்பிலேயே குட்டி. அப்பா குள்ளம், அதனால்தான் என்று சிரித்துக்கொண்டிருந்தோம். சுகாதாரக் கையேட்டைப் புரட்டினால் நாலு வயதுவரை நடுக்கோட்டில் போன உயரம் அதற்குப் பிறகு சரிந்துகொண்டே வந்திருக்கிறது. வயிற்றுப்போக்கு என்று ஒரு நாளும் இல்லை, அவளுக்கு மலச்சிக்கல். முன்பல்லில் வெள்ளைத் திட்டு. எதற்கெடுத்தாலும் சிணுங்கல், அதற்குத் திட்டும் வாங்கினாள், பாவம். அவளுக்கு எதிர்ப்பொருள் அளவு இயல்பின் உச்சத்தைப்போல் பத்து மடங்கைத் தாண்டியிருந்தது. இரண்டாவது முறை ரத்தம் எடுத்து வேறொரு எதிர்ப்பொருளையும் பார்த்து உறுதி செய்துவிட்டதால் எண்டோஸ்கோப்பிக் குழாய் விடாமலே முடிந்தது.

பெரியவர்களிடம் இது வயிற்று நோயாகவே தெரியாமலும் இருக்கலாம். ஆறி ஆறி வரும் வாய்ப்புண், முழங்கை முழங்காலில் அரிப்போடு கொப்புளம், சின்ன வயதிலேயே எலும்புத் தேய்மானம், காரணம் தெரியாத கருச்சிதைவு, கை கால் மரப்பு. டைப் 1 நீரிழிவோ தைராய்டு கோளாறோ உள்ளவர்கள் கூடுதலாகவே சந்தேகப்படலாம். மரபணுப் பரிசோதனைக்குக் காசு கொட்டுமுன் யோசியுங்கள், இந்த நோயோடு தொடர்புள்ள மரபணு இல்லையென்றால் நோய் அநேகமாக இல்லை என்று சொல்லலாம், இருப்பதால் மட்டும் நோய் என்று சொல்ல முடியாது.

க்ளூட்டனை விட்டொழிப்பதுதான் வழி என்றானதும் அடுக்களைதான் பெரிய போர்க்களம். இட்லி, தோசை பிரச்சினை இல்லை என்று நிம்மதியாக இருந்தேன், சாம்பாருக்குப் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு! தேக்கா கடைகளில் ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் படித்து, அரிசி மாவு கலந்ததைத் தேடி எடுத்தோம். மைலோ பானத்தில் பார்லி மால்ட், சோயா சாஸில் கோதுமை. மைலோவைப் பிரிந்ததற்கு மகள் இரண்டு நாள் அழுதாள். எட்டு மாதத்தில் என் ஹீமோகுளோபின் 12.1, மாத்திரை இல்லாமல்.

அம்மாவுக்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. தம்பி மட்டும் ஊசிக்குப் பயந்து தள்ளிப்போடுகிறான், மாதாமாதம் அவனுக்கு வாய்ப்புண் வருகிறது. டேய், இதைப் படித்துவிட்டு சனிக்கிழமை போய்வா. அதுவரை பிராட்டாவை நிறுத்திவிடாதே.