செத்த காலேஜில் ஒரு கை, எண்ணூர்ச் சேற்றில் ஒரு துடுப்பு

எழும்பூர் அருங்காட்சியகத்தை எங்கள் ஆயா கடைசிவரை 'செத்த காலேஜ்' என்றுதான் சொல்லுவாள். மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. பழைய மெட்ராஸ்காரர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை எந்தக் கமிட்டியும் வைத்திருக்காது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஆசையாகப் போய் நின்றேன், கேட் பூட்டியிருந்தது. வெள்ளி விடுமுறை என்பது நாற்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறவனுக்குத் தெரியவில்லை. ஞாயிறு மறுபடி போனேன்.

போனது திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்க்க. எல்லோரும் அதன் நீளத்தைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். நான் முன்துடுப்புப் பக்கமாகப் போய் நின்றுகொண்டேன். தோளிலிருந்து ஒரு குட்டையான எலும்பு. அதன் கீழே இரண்டு. பிறகு கூழாங்கல் மாதிரி சில. அப்புறம் விரல்கள். என் கையை நீட்டி வைத்துப் பார்த்தேன்: ஒன்று, இரண்டு, பொடிசு, விரல். அதே கணக்கு. பக்கத்திலிருந்த ஒரு அம்மா பிள்ளையை இழுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப்போனார்.

நீந்துவதற்கு மட்டுமே பயன்படும் உறுப்புக்குள் விரல் எதற்கு? திமிங்கிலத்தின் முன்னோர் நான்கு காலில் நடந்தவர்கள், கரையிலிருந்து கடலுக்குத் திரும்பியவர்கள் என்பதுதான் பதில். அப்படியானால் அந்தக் காலும் கையும் முதலில் எங்கிருந்து வந்தன?

இதற்குப் பதில் கனடாவின் வடகோடியில், எல்ஸ்மியர் தீவில் கிடைத்தது. நீல் ஷூபின், டெட் டேஷ்லர் என்ற தொல்லுயிர் ஆய்வாளர்களின் குழு சும்மா போய்த் தோண்டவில்லை. அப்போது தெரிந்தவரை சுமார் 38.5 கோடி வருஷப் பாறைகளில் மீன்கள்தான் இருக்கின்றன, 36.5 கோடி வருஷப் பாறைகளில் கால் வந்துவிட்டது. ஆகவே நடுவிலுள்ள வயதில், ஆற்றுப் படிவமாக உள்ள பாறை எங்கே என்று புவியியல் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். 1999-ல் தொடங்கி 2004-ல்தான் கிடைத்தது. 37.5 கோடி வருஷத்துக்கு முந்தைய டிக்டாலிக் என்ற மீனின் புதைபடிவம். செதில் இருக்கிறது, துடுப்பு இருக்கிறது. ஆனால் துடுப்புக்குள் ஒன்று, இரண்டு, பொடிசு. மணிக்கட்டு மாதிரி மடியும் மூட்டுகூட உண்டு.

எனக்கு அதைவிடப் பிடித்தது கழுத்து. காசிமேட்டில் மீன் வெட்டும் அக்கா தலையை வெட்டும்போது கவனித்திருக்கிறீர்களா? செவுளுக்குப் பின்னால் ஒரு கடினமான எலும்பு, துடுப்போடு சேர்ந்து தலையுடனேயே வந்துவிடும். மீனுக்குத் தோள் மண்டையோடு ஒட்டியது. கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. டிக்டாலிக்கில் அந்த ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் திருப்பிப் பார்த்திருக்கும்.

செத்தது போதும், உயிருள்ளதைப் பார்ப்போம் என்று மத்தியானம் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினேன். எண்ணூரில் இறங்கி முகத்துவாரம் பக்கம் போய், சேற்றில் தாவும் மட்ஸ்கிப்பர் மீனைப் பார்க்க வேண்டும் என்று படகுக்கார அண்ணன் ஒருவரிடம் சொன்னபோது ஒரு மாதிரி பார்த்தார்.

"அந்தச் சேத்துல குதிக்கிறதையா? அத்த யாரும் துன்னக்கூட மாட்டாங்களே தம்பி."

"திங்க இல்லண்ணே, பாக்கத்தான்."

"பாக்கவா?" என்று சிரித்துவிட்டு ஏற்றிக்கொண்டார்.

தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததும் இதே கழிமுகத்தில்தான். அதையெல்லாம் தாண்டி அலையாத்தி நிற்கிறது, மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு. வேர்களுக்கு நடுவே அவை இருந்தன, விரல் நீளம், தலை உச்சியில் கண். முன்துடுப்புகளை ஊன்றி நொண்டி நொண்டி நகரும், வாலைச் சுண்டித் தாவும். ஈரத்தோலாலும் வாய்க்குள் உள்ள சவ்வாலும் மூச்சு வாங்கும். கண்ணை உள்ளே இழுத்து நனைத்துக்கொண்டு மறுபடி எட்டிப்பார்க்கும். ஒன்று முதுகுத் துடுப்பை விசிறி போல விரித்துக்கொண்டு துள்ளியது. பெண்ணைக் கூப்பிடுகிறதோ, பக்கத்து வளைக்காரனை மிரட்டுகிறதோ.

இதைக் காட்டித்தான் 'நம் முன்னோர்' என்று வாட்ஸப்பில் வீடியோ சுற்றுகிறது. கிடையாது. இதன் துடுப்பில் அந்த 'ஒன்று, இரண்டு' எலும்பு இல்லை. விசிறிக் குச்சிகள் போன்ற கதிர்கள்தான். உறவுமுறையில் இது வஞ்சிரத்துக்கு நெருக்கம், நமக்குத் தூரம். ஆப்பிரிக்கச் சேற்றில் கிடக்கும் நுரையீரல் மீன்தான் நமக்குப் பங்காளி. நம் பனையேறிக் கெண்டையும் இப்படித்தான்: மழை நாளில் வரப்பேறி நடக்கும், காற்றைக் குடிக்கும், ஆனால் நம் கிளை அல்ல. தரங்கம்பாடியில் அது பனையில் ஏறியிருந்ததைப் பார்த்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர் 1790-களில் எழுதிவைத்தார். கரையேறுவது ஒருவர் மட்டும் ஒருமுறை செய்த சாகசம் இல்லை.

டிக்டாலிக்கையும் நேர்ப் பாட்டன் என்று சொல்லிவிட முடியாது. போலந்தில் அதைவிடப் பழைய பாறையில் கால்தடங்கள் கிடைத்ததாக 2010-ல் அறிவித்தார்கள். பாட்டன் இல்லையென்றால் பெரியப்பாவாக இருக்கலாம். பெரியப்பா முகத்தில் தாத்தா ஜாடை தெரியாதா என்ன? கிரீன்லாந்தில் கிடைத்த அகாந்தோஸ்டீகா என்ற பழங்கால நாலுகால் விலங்கு இன்னும் வேடிக்கை. கைக்கு எட்டு விரல், ஆனால் செவுளும் உண்டு, தண்ணீரிலேயே வாழ்ந்தது. நடப்பதற்காக விரல் முளைக்கவில்லை. ஆழமில்லாத, செடி மண்டிய தண்ணீரில் ஊன்றித் தள்ளிப் போக முளைத்தது, பிறகு கரையில் உதவியது. பள்ளியில் எனக்கு இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதை அண்ணனிடம் பாதிதான் சொல்லியிருப்பேன். "எட்டு விரலா? வல பின்ன நல்லாருந்திருக்கும்" என்றார்.

ஐந்து மணிக்குத் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. சேறு கொஞ்சம் கொஞ்சமாக முழுக, சின்ன மீன்கள் ஒவ்வொன்றாக அலையாத்தி வேரில் தொற்றி மேலே ஏறின. தண்ணீருக்குப் பயந்து ஓடும் மீன்கள்! அண்ணன் கழியை எடுத்துப் படகைத் திருப்பினார்.