திபேரியஸ் தினாரியஸ்: நாற்காலிக் கால் தெரிந்துவிட்டது

கடைசல் கால்! ரோமப் பேரரசர் திபேரியஸின் தினாரியஸ் என்ற வெள்ளிக் காசு வைத்திருப்பவர்களுக்கு என் சந்தோஷம் புரியும். கி.பி. 14 முதல் 37 வரை நீண்ட அவருடைய ஆட்சியில் லியோன் (இன்றைய பிரான்சில்) நாணயச்சாலை தினாரியஸில் பெரும்பாலும் இந்த ஒரே வடிவத்தைத்தான் அடித்துத் தள்ளியது. முன்பக்கம் இலைமுடி சூடிய தலை. பின்பக்கம் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண், சுற்றிலும் ‘பொன்டிஃப் மாக்சிம்’, அதாவது தலைமைப் பூசாரி என்ற பட்டம். வகை பிரிக்க வேண்டுமென்றால் நாற்காலிக் கால் சாதாரணமா கடைசலா, அடியில் கோடு எத்தனை, கையில் செங்கோலா தலைகீழ் ஈட்டியா என்றுதான் பார்க்க வேண்டும். ஏலத்தில் எடுத்த என் காசில் சரியாக அந்த இடத்தில்தான் பழுப்புப் படிவு ஏறியிருந்தது.

படிவு வெள்ளிக் குளோரைடு. ஊசி வைத்தால் மெழுகு மாதிரி சீவி வரும், ஆனால் வைக்காதீர்கள். பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் பதத்தில் இருக்கலாம், கீறலும் அழியாது. ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) கரைசல்தான் சரி. டிஸ்டில்டு வாட்டரில் கலக்கி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, எடுத்து அலசி, லூப் என்ற உருப்பெருக்கியில் பார்த்து, இளகிய இடத்தை மட்டும் மூங்கில் குச்சியால் தள்ள வேண்டும். மறுபடி ஊறல். அவசரமே கூடாது. எலுமிச்சை, வினிகர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. அமிலம் பட்டால் கரைசலில் கந்தகம் பிரிந்து காசு கறுத்துவிடும். முலாம் பூசிய செம்புக் காசு இல்லை என்பதை முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். சிலர் அம்மோனியா போடுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை, அது வெள்ளியில் கலந்திருக்கும் செம்பைத் தின்னும். பின்னால் வந்த பேரரசர் நீரோ கி.பி. 64-இல் ஒரு ரோம ராத்தல் எடைக்கு 84 காசு என்பதை 96 ஆக்கி வெள்ளித் தரத்தையும் குறைத்தார். அதற்குப் பிந்திய காசுகளில் செம்பு அதிகம், அம்மோனியா பக்கமே போக வேண்டாம்.

எழுத்துக் குழிகளில் இருக்கும் கருமையை விட்டுவிட்டேன். அதனால்தான் எழுத்து எடுப்பாகத் தெரிகிறது. பளபளவென்று தேய்த்த தினாரியஸைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

ஹைப்போவுக்கு அலைய வேண்டாம். தண்ணீரில் குளோரின் எடுக்க மீன்தொட்டிக் கடையில் விற்கும் படிகம் பெரும்பாலும் இதுதான். சாயம் கலக்காத வெள்ளையாகக் கேட்டு வாங்குங்கள், விலையும் குறைவு.

அடுத்து திபேரியஸுக்கு முந்திய பேரரசர் அகஸ்டஸின் காயஸ்–லூசியஸ் வகை தினாரியஸ் வேண்டும்: கேடயமும் ஈட்டியுமாக நிற்கும் இரண்டு பேரன்கள், மேலே பூசாரிகளின் சடங்குக் கருவிகளான அகப்பையும் வளைகோலும். கோவை வட்டாரப் புதையல்களில் திபேரியஸோடு ஏராளமாகக் கிடைத்தது இதுதான். இங்கேயே அடித்த போலிகளும் உண்டு, அதில் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது.

‘மாக்சிம்’ கடைசி எழுத்து இன்னும் படிவுக்கு அடியில் இருக்கிறது. காசு காய்ந்ததும் அடுத்த ஊறல்.