கோயிலுக்குள் வந்த ஆடு

பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு நம் செயலாளர் மூன்று முறை தொலைபேசியில் பிடித்துவிட்டார். வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போன கதையை எதிர்பார்த்திருப்பார். அதைப் போன மலரிலேயே மூன்று பேர் எழுதிவிட்டார்கள், மூன்று பேருமே தாங்கள்தான் தலைவன் என்று. நான் எழுதப்போவது ஒரு விடுப்புக் கடிதத்தைப் பற்றி.

1986, ஒன்பதாம் வகுப்பு. என் அத்தைக்குத் திருவந்திபுரம் மலைக்கோயிலில் கல்யாணம். முகூர்த்த நாளில் அந்த மலையில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் மாப்பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்கவே அரை மணி ஆனது. மறுநாள் மஞ்சக்குப்பம் பள்ளிக்கு வந்து கடிதத்தை நீட்டினேன்: 'ஐ மஸ்ட் டு வென்ட் டு மை ஆன்ட்ஸ் மேரேஜ்.' கல்யாணம் முடிந்துவிட்டதால் 'வென்ட்'. நடுவில் உள்ள 'டு' மரியாதைக்காகச் சேர்த்தது.

ஆங்கில ஆசிரியர் (பட்டப்பெயரை அச்சிட்டால் செயலாளர் வெட்டிவிடுவார்) அதை வகுப்புக்கே உரக்கப் படித்தார். அடிப்பார் என்று கையை நீட்டி நின்றேன். அவர் கேட்டது வேறு.

"பாடலீசுவரர் கோயிலுக்குப் போனால் செருப்பை எங்கே விடுவாய்?"

"வாசலில் சார்."

"கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட். இவை ஒன்பதும் கோயில் வாசல். இதைத் தாண்டி வருகிற வினைச்சொல் டு, எஸ், இடி, ஐஎன்ஜி என்று காலில் எதை மாட்டியிருந்தாலும் வெளியே கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். ஹீ சிங்ஸ் சரி. ஹீ கேன் சிங்ஸ் என்றால் செருப்போடு கர்ப்பகிருகம்."

பிறகு, "ஆட் (ought) ஒன்றுதான் தகராறு. அதற்குப் பின்னால் டு வந்தே தீரும். யூ ஆட் டு கோ" என்றார். கடைசி பெஞ்சிலிருந்து, இப்போது துபாயில் இருக்கும் நம் நண்பர், "ஆட்டைக் கோயிலுக்குள் விடலாமா சார்?" என்றார். வகுப்பு சிரித்து அடங்க நேரம் பிடித்தது. சார் கரும்பலகை பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

எனக்குச் சந்தேகம் தீரவில்லை. நடந்து முடிந்ததை எப்படித்தான் சொல்வது? மஸ்ட்டைத் தூக்கிவிட்டு 'ஹேட் டு கோ' என்று எழுதச் சொன்னார். அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். பலகையில் 'போயிருக்க வேண்டும்' என்று எழுதி, இரண்டு கோடு கிழித்துப் பிரித்தார்: போய், இருக்க, வேண்டும். "இப்போது வாலிலிருந்து தலைக்குப் படி." வேண்டும் என்பது ஷுட், இருக்க என்பது ஹேவ், போய் என்பது கான். ஷுட் ஹேவ் கான். 'போனிருக்க வேண்டும்' என்று உன் வீட்டில் யாராவது சொல்வார்களா, பிறகு 'ஷுட் ஹேவ் வென்ட்' எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நான் போக வேண்டும், அவள் போக வேண்டும், அவர்கள் போக வேண்டும். யார் போனாலும் 'போக' மாறவில்லை, 'வேண்டும்' மாறவில்லை. இத்தனை வருடம் பிழையில்லாமல் பேசிவந்த ஒன்றைத்தான் ஆங்கிலத்தில் புதிதாகப் படிக்கிறோம் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கேன், மே, ஷல் ஆகியவை ஆதியில் இறந்தகால வடிவங்களாக இருந்தவை, அதனால்தான் ஹீ வந்தாலும் எஸ் ஒட்டுவதில்லை என்று வெகுகாலம் கழித்துப் படித்தேன். சாருக்கு இது தெரிந்திருக்கலாம். செருப்பே எங்களுக்குப் போதும் என்று விட்டிருப்பார்.

சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'வால்வ் மஸ்ட் பி செக்' என்று ஒரு பலகை தொங்கியது. கை சும்மா இருக்கவில்லை. மார்க்கர் பேனாவால் 'இடி' சேர்த்தேன். வாசலில் செருப்பைக் கழற்றியவர் 'பி'. அவருக்குப் பின்னால் வருகிற 'செக்ட்', பி சொல்கிறபடிதான் கேட்பார், மஸ்ட்டுக்கு அவர்மேல் அதிகாரம் இல்லை. பக்கத்தில் நின்ற பட்டுக்கோட்டைக்காரரிடம் இதை விளக்கினேன். அவர் வால்வைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

1996இல் சாருக்கு ஓர் ஏரோகிராம் போட்டேன், ஆங்கிலத்தில். உங்கள் வகுப்பில் வாய் திறக்கத் துணிந்ததில்லை என்பதை 'ஐ டிட் நாட் டேர் டு ஸ்பீக்' என்று எழுதியிருந்தேன். ஒரு மாதம் கழித்து என் கடிதமே உறைக்குள் திரும்பி வந்தது. 'டு'வின் மேல் சிவப்பு மையில் அடித்தல், கீழே 8/10. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டேர், நீட் இரண்டும் இரட்டை வேஷக்காரர்கள். சில நேரம் கேன், மஸ்ட் போல வாசலில் நிற்கும் துணைவினை (மோடல்), சில நேரம் சாதாரண வினை. டிட் நாட் டேருக்குப் பின் டு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நூலகத்தில் இரண்டு இலக்கணப் புத்தகம் பார்த்து, பக்க எண்ணோடு பதில் எழுதினேன்.

அஞ்சலட்டை வந்தது. இந்த முறை தமிழில், இரண்டே வரி.

"நீ சொல்வது சரி. மதிப்பெண்ணை மாற்றுவதற்கில்லை."