அழைப்பு வருமா என்று முதலில் பாருங்கள்: லினக்ஸ் கைபேசிக்கு மாறுவதற்கு முன்

எனக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரியில். நாள்தோறும் பேருந்தில் போய்வரும் நேரத்தில், ஒரு வாரம் முழுவதும் என் கைபேசியால் நான் என்னென்ன செய்கிறேன் என்று சிறு குறிப்பேட்டில் எழுதிவந்தேன். கணினியில் பல ஆண்டுகளாக லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளத்தையே பயன்படுத்துகிறேன். வன்பொருள் நல்ல நிலையில் இருக்கும்போதே, புதுப்பிப்பு நின்றுபோன ஒரே காரணத்தால் ஒரு கைபேசி பழையதாகிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அதனால் லினக்ஸ் இயங்கும் கைபேசிக்கு மாற முடிவு செய்தேன். ஆனால் அந்தக் குறிப்பேட்டை எழுதத் தொடங்கியது முதல் முயற்சியில் தவறிய பிறகுதான். முன்பே எழுதியிருக்க வேண்டும்.

முதல் முயற்சியில் நடந்தது இதுதான். இரண்டாம் கையாக ஒரு கைபேசி வாங்கி, எந்தெந்தக் கைபேசியில் லினக்ஸ் இயங்கும் என்று சொல்லும் ஆதரவுப் பட்டியலில் அதன் பெயர் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு, ஆண்ட்ராய்டை அழித்து லினக்ஸை நிறுவி, என் முதன்மை சிம்மை அதில் போட்டேன். இணையம் வந்தது, சிக்னல் கோடுகள் நிறைவாக நின்றன, எனக்கும் மனம் நிறைந்திருந்தது. மறுநாள் மாலை திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போனபோது, "காலையிலேர்ந்து போன் அடிக்கிறேன், போகவே மாட்டேங்குதுப்பா" என்றார். ஒரு நாள் முழுவதும் எனக்கு வந்த எந்த அழைப்பும் என்னை எட்டவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததையும், அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததையும் பார்த்த ஊர் எங்களுடையது. அழைப்பு வராத கைபேசியை இங்கே ஒருவர் நம்பி வைத்திருக்க முடியாது.

தவறு நான் சரிபார்க்காததுதான். நம் நாட்டில் அழைப்பு என்பது பெரும்பாலும் வோல்டிஇ வழியாக, அதாவது 4ஜி இணைப்பின் மீதே குரலை அனுப்பும் முறையில் நடக்கிறது. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி வலையமைப்பே கிடையாது என்பதால், வோல்டிஇ இல்லாத கருவியில் அந்தச் சிம்மைப் போட்டால் சாதாரண அழைப்பு வருவதற்கு வேறு வழியில்லை. ஏர்டெல், விஐ, பிஎஸ்என்எல் ஆகியவற்றில் 2ஜி இன்னும் இயங்குவதால், அழைப்பு வரும் நேரத்தில் கருவி 4ஜியை விட்டு 2ஜிக்கு இறங்கிப் பேசவைக்கும். பேசி முடிக்கும்வரை இணையம் நின்றிருக்கும். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் வோல்டிஇக்கான மென்பொருளின் ஒரு பகுதி, சிப் நிறுவனமும் கைபேசி நிறுவனமும் தரும் மூடிய மென்பொருளாக இருக்கிறது. ஆண்ட்ராய்டை நீக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடுகிறது. லினக்ஸ் உலகில் அதற்கு ஈடான திறந்த மென்பொருள் மிகச் சில கருவிகளில்தான் பயன்படும் நிலைக்கு வந்திருக்கிறது. லினக்ஸுக்கென்றே பைன்64 குழு உருவாக்கிய பைன்ஃபோன் இதில் வேறுபட்டது. அதில் உள்ள குவெக்டெல் இஜி25-ஜி மோடம், அதாவது கைபேசியை வலையமைப்போடு இணைக்கும் பகுதி, வோல்டிஇ வேலையைத் தனக்குள்ளேயே செய்துகொள்ளக்கூடியது. ஆனால் அதற்கும் உங்கள் நிறுவனத்துக்குப் பொருந்தும் அமைப்புக் கோப்பு மோடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே ஆதரவுப் பட்டியலில் "அழைப்பு" என்ற வரிசைக்கு எதிரே பச்சை நிறம் இருப்பதைக் கண்டு நிறைவடைந்துவிடக் கூடாது. அந்தச் சோதனையைச் செய்தவர் 2ஜி அல்லது 3ஜி உள்ள ஐரோப்பிய வலையமைப்பில் செய்திருக்கலாம். வோல்டிஇ தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அது இயங்காது என்றே வைத்துக்கொண்டு சிம்மைத் தேர்ந்தெடுங்கள்.

இதனோடு ஒலியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மணி அடிப்பதும், எடுத்துப் பேசினால் இரு பக்கமும் குரல் கேட்பதும் வெவ்வேறு வேலைகள். காதருகே வைத்துப் பேசும் ஒலிபெருக்கி, கீழே உள்ள ஸ்பீக்கர், இயர்போன், புளூடூத் என ஒவ்வொன்றுக்கும் ஒலி போகும் பாதையை அந்தக் கருவிக்கென்றே யாராவது எழுதியிருக்க வேண்டும்.

அடுத்தது பெயர்க் குழப்பம். கடையில் சொல்லும் பெயரும் லினக்ஸ் பட்டியலில் உள்ள பெயரும் ஒன்றாக இருப்பதாலேயே கருவி ஒன்றாகிவிடாது. ரெட்மி நோட் 4 என்ற ஒரே பெயரில் ஸ்னாப்டிராகன் 625 சிப்போடு ஒன்றும் மீடியாடெக் சிப்போடு ஒன்றும் வந்தன. ஒவ்வொரு வகைக்கும் உருவாக்குநர்கள் வைக்கும் உள்பெயரான குறிப்பெயர் முன்னதற்கு மிடோ, பின்னதற்கு நிக்கெல். ஒன்றுக்கான கோப்பு மற்றதற்குப் பொருந்தாது. 2018இல் இந்தியாவில் பரவலாக விற்ற போக்கோ எஃப்1 கைபேசிக்கு ஸ்னாப்டிராகன் 845 சிப்பின் காரணமாக லினக்ஸில் நல்ல ஆதரவு உண்டு. ஆனால் அதில் டியான்மா, இபிபிஜி என இரு வேறு திரைப் பலகங்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. கைபேசிக்கான லினக்ஸ் வகைகளில் ஒன்றான போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் இரண்டுக்கும் தனித்தனி வடிவம் தருகிறது. உள்ளே எந்தப் பலகம் இருக்கிறது என்பது வெளியே பார்த்தால் தெரியாது. புதுச்சேரியில் பழைய கைபேசி விற்கும் கடைகளில் இப்போதெல்லாம் நான் குறிப்பெயரைக் கண்டறிந்த பிறகே விலை பேசுகிறேன். கடைக்காரரும் பொறுமையாகக் காத்திருக்கிறார். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

எந்த லினக்ஸ் என்பதும் வன்பொருளைச் சார்ந்த கேள்விதான். 2017இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், ஆல்பைன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான லினக்ஸ் கர்னலையே (இயங்குதளத்தின் மையப் பகுதி) இயன்றவரை கைபேசியில் இயக்க முயல்கிறது. அதே ஆண்டில் கனோனிக்கல் நிறுவனம் கைவிட்ட உபுண்டு டச் என்ற கைபேசி லினக்ஸை யுபிபோர்ட்ஸ் குழு எடுத்து நடத்துகிறது. அதில் பல கருவிகள் ஹேலியம் என்ற இடைத்தளத்தின் வழியாக வன்பொருளை இயக்கும் மென்பொருளான ஆண்ட்ராய்டின் பழைய இயக்கிகளையே பயன்படுத்திக்கொள்கின்றன. இதனால் உபுண்டு டச்சில் கேமராவும் உணரிகளும் எளிதாக இயங்கிவிடும் வாய்ப்பு அதிகம். ஆனால் கர்னல், உற்பத்தியாளர் விட்டுச்சென்ற பழைய பதிப்பிலேயே நிற்கும். பொதுக் கர்னல் வழியில் புதுப்பிப்புகள் நீண்ட காலம் தொடரும். ஆனால் கேமரா போன்றவற்றுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரும். எனக்கு இந்தப் பொதுக் கர்னல் வழிதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் நான் லினக்ஸை நாடியதே நீண்ட ஆயுளுக்காக. நாள்தோறும் படம் எடுப்பவருக்கு அதையே பரிந்துரைக்க மாட்டேன்.

கேமராவைப் பற்றிச் சொல்லும்போது மளிகைக் கடையைச் சொல்லாமல் இருக்க முடியாது. என் குறிப்பேட்டில் அந்த வாரம் மிக அதிகமாக வந்த செயல், கியூஆர் குறியைப் படித்துப் பணம் அனுப்பியதுதான். யுபிஐ செயலிகள் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தியை அனுப்பி, இந்த எண் இந்தக் கருவியில்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்கின்றன. லினக்ஸ் கைபேசியில் தனி அறை போல இயங்கும் வேடிராய்டு என்ற மென்பொருள் மூலம் ஆண்ட்ராய்டு செயலிகளை இயக்கலாம் என்றாலும், அந்தத் தனி அறைக்குள் இருக்கும் செயலியால் கைபேசியின் சிம்மைத் தொட முடியாது. கருவி மாற்றப்படாத ஆண்ட்ராய்டுதானா என்று பார்க்கும் சோதனையிலும் அது தேறுவது கடினம். இணையமில்லாமல் *99# என்று அழுத்திப் பணம் அனுப்பும் வழி இருக்கிறது. ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். ஆனால் கியூஆர் குறியைக் காட்டும் கடைக்காரரிடம் அவருடைய எண்ணையோ யுபிஐ முகவரியையோ கேட்டு வாங்க வேண்டும். காலையில் பால் வாங்க வரிசையில் நிற்கும்போது அது ஒத்துவராது. நான் சில்லறையாக நோட்டுகளை வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். வங்கியின் ஓடிபி சாதாரணக் குறுஞ்செய்தியாக வருவதால் அதில் சிக்கல் இல்லை.

மின்கலத்தைப் பொறுத்தவரை, கருவி உறங்கும்போது மோடம் விழித்திருந்து அழைப்பு வந்ததும் அதை எழுப்புகிறதா என்பதே பார்க்க வேண்டிய ஒன்று. எழுந்திருக்கச் சில நொடிகள் பிடித்தால், அதற்குள் அழைத்தவர் வைத்துவிடுவார்.

வேறு இயங்குதளத்தை நிறுவ, கைபேசியைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். திறந்த உடனே உள்ளிருக்கும் தரவு அனைத்தும் அழிந்துவிடும். ஷாவ்மி கருவிகளில் கணக்கை இணைத்த பிறகு 168 மணி நேரம் காத்திருக்கும்படி கேட்பதுண்டு. ஆகவே விடுமுறை நாளைக் கணக்கிட்டு முன்பே தொடங்குவது நல்லது. ஐஎம்இஐ எனும் கைபேசியின் அடையாள எண்ணும் மோடத்தின் அளவீடுகளும் இருக்கும் பகுதிகளைத் தொடாதீர்கள். முடிந்தால் அவற்றின் நகலைக் கணினியில் எடுத்து வையுங்கள். அவை கெட்டுப்போனால் ஆண்ட்ராய்டுக்குத் திரும்பினாலும் சிக்னல் வராமல் போகலாம். பைன்ஃபோனில் இந்த அச்சம் குறைவு. அது மைக்ரோ எஸ்டி அட்டையிலிருந்து முதலில் தொடங்கும் என்பதால், உள்நினைவைத் தொடாமலே ஒவ்வோர் இயங்குதளத்தையும் அட்டையில் ஏற்றிப் பார்க்கலாம். இப்படி அழிக்காமல் சோதிக்க வழி தரும் கருவி கிடைத்தால், மற்றக் குறைகள் சிலவற்றை நான் பொறுத்துக்கொள்வேன்.

இப்போது என் முதன்மை சிம் பழைய ஆண்ட்ராய்டு கைபேசியில் வீட்டில் இருக்கிறது. 2ஜி வசதி உள்ள இரண்டாவது சிம் லினக்ஸ் கைபேசியில் என்னோடு வருகிறது. அம்மாவிடம் இரண்டு எண்களும் இருக்கின்றன. ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் அவரை அழைக்கச் சொல்லிச் சோதித்துக்கொள்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது மணியில் எடுத்தேன். குரல் தெளிவாகக் கேட்டது. அவர் பேசிக்கொண்டிருந்தவரை இணையம் நின்றிருந்தது. வைத்ததும் திரும்ப வந்தது.