கால்சியம் குறைவு என்றே நினைத்திருந்தேன்

மகளுக்கு ஒன்றரை வயதில் இரண்டாம் முறையாகத் தொடை எலும்பு முறிந்தது. நின்ற இடத்திலேயே தடுமாறி உட்கார்ந்தாள், அவ்வளவுதான். முதல் முறை முறிந்தபோது மருத்துவமனையில் என்னையும் கணவரையும் தனித்தனியே கூப்பிட்டு, "அடித்தீர்களா? கீழே போட்டீர்களா?" என்று கேட்டார்கள். குழந்தைகளின் நன்மைக்காகத்தான் கேட்கிறார்கள் என்று தெரியும். ஆனாலும் அன்று இரவு முழுக்க அழுதேன்.

இரண்டாம் முறை வேறொரு மருத்துவர் முதலில் அவள் கண்களைத்தான் பார்த்தார். வெள்ளை விழி லேசாக நீலம் பூத்திருக்கும். அதை நாங்கள் அழகு என்று கொஞ்சிக்கொண்டிருந்தோம். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் மரபணுப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேனில் இசட் ஸ்கோர் மைனஸ் 3-க்கும் கீழே. அதாவது, அவள் வயதுக் குழந்தைகளின் சராசரியைவிட எலும்பு அடர்த்தி மிகக் குறைவு. சரி, கால்சியம் போதவில்லை, கர்ப்ப காலத்தில் நான்தான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று முடிவுகட்டிவிட்டேன். மரபணு முடிவு வந்த பிறகுதான் அது தவறு என்று புரிந்தது. ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா, நான்காம் வகை. எலும்புகள் எளிதில் முறியும் பிறவி மரபணு நோய்; கண்ணின் அந்த நீலமும் இதன் அறிகுறிதான். எங்கள் இருவரிடமும் இல்லாத மாற்றம், அவளிடம் புதிதாக வந்தது.

மருத்துவர் ஒரு தாளில் கயிறு வரைந்தார். எலும்பில் உள்ள கொலாஜன் என்ற புரதம் முப்புரிக் கயிறு மாதிரி. ஒவ்வொரு புரியும் அமினோ அமிலங்கள் கோத்த சரம்; அதில் மூன்றுக்கு ஒன்று கிளைசின் இருக்க வேண்டும். மிகச் சிறிய அமினோ அமிலம் என்பதால் கயிற்றின் நடுவே அது மட்டும்தான் அடங்கும். என் மகளுக்கு ஓரிடத்தில் அதற்குப் பதில் பெரிய ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அங்கே முறுக்கு சரியாக விழுவதில்லை.

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. அவளுக்கு எலும்பின் அளவு குறைவு. புறச்சுவர் மெலிது, உள்ளே தாங்கும் சட்டங்களும் குறைவு. ஸ்கேன் காட்டுவது இந்த மொத்தக் கணக்கை. ஆனால் இந்த நோயில், இருக்கிற எலும்பை மட்டும் நுண்ணோக்கியில் பார்த்தால் தாது உப்பு வழக்கத்தைவிட அதிகமாகவே இருக்கும். படிகங்கள் சிறியவையாக, நெருக்கியடித்து அடைந்திருக்கும். பச்சைக் குச்சி வளையும், நார் பிரியும், அதற்குப் பிறகுதான் ஒடியும். காய்ந்த சுள்ளிக்கு அந்த அவகாசம் கிடையாது. நல்ல எலும்பு தன் எல்லையைத் தாண்டிய பிறகும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து விசையை உள்வாங்கும். இவளுடையது எல்லையைத் தொட்டதும் முறிந்துவிடும். எத்தனை கால்சியம் கொடுத்தாலும் இது மாறாது. என் கர்ப்ப காலச் சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவர் இரண்டு முறை சொன்னார். இரண்டாம் முறைதான் என் காதில் விழுந்தது.

இரண்டு வயது முடிந்ததும் பாமிட்ரோனேட் என்ற மருந்தைத் தொடங்கினோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தொடர்ந்து மூன்று நாள், ரத்தநாளம் வழியாக மெதுவாக ஏற்றுவார்கள். மருந்து ரத்தத்தில் கால்சியத்தை இறக்கக்கூடும் என்பதால் முன்னதாகவே கால்சியம், வைட்டமின் டி அளவு பார்ப்பார்கள். முதல் சுற்றின் இரண்டாம் நாள் காய்ச்சல் கொதித்தது. முதல் முறை மட்டும் இப்படி வருவது வழக்கம் என்று சொல்லியிருந்தும் பதறிவிட்டேன். அடுத்த சுற்றுகளில் வரவில்லை.

மருந்து கயிற்றைச் சரிசெய்வதில்லை. எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கி, எலும்பின் அளவைக் கூட்டுகிறது. சுள்ளி சுள்ளிதான், ஆனால் தடிமன் கூடியிருக்கிறது. இந்த வித்தியாசம் தெரிந்திருந்ததால்தான், ஓராண்டு கழித்து முன்கை முறிந்தபோது மருந்து வீண் என்று நான் இடிந்துபோகவில்லை.

அவளைத் தூக்கும் விதத்தையும் மாற்றிக்கொண்டோம். கையைப் பிடித்து இழுப்பதில்லை. டயப்பர் மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துத் தூக்காமல், இடுப்புக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்குவோம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் இதைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுவேன்.

போன மாத எக்ஸ்ரேயில் முழங்கால் அருகே மெல்லிய வெள்ளைக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொரு சுற்று மருந்துக்கும் ஒரு கோடு. கோடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, அந்த மாதங்களில் அந்த எலும்பு அங்கே வளர்ந்த நீளம். அவளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினேன்.