போர்க்காலச் சில்லறையில் ஒளிந்திருக்கும் வெள்ளி

போர் நினைவு நாணயம் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் டாங்கி, கப்பல், தளபதி என்றுதான் போவார்கள். எனக்குப் பிடித்தது சாதாரண மக்களின் கையில் புழங்கிய அமெரிக்க 5 சென்ட். 1942 அக்டோபரிலிருந்து 1945 வரை, போர்த் தளவாடங்களுக்கு நிக்கல் தேவைப்பட்டதால், அந்தக் காசை 56% செம்பு, 35% வெள்ளி, 9% மாங்கனீசு கலந்து அடித்தார்கள். ரொட்டிக்கும் பேருந்துக்கும் கொடுத்த சில்லறையில் வெள்ளி!

கண்டுபிடிப்பது சுலபம். பின்பக்கம் மாண்டிசெல்லோ மாளிகையின் கூரைக்கு மேலே பெரிதாக, காசு அடித்த நாணயச்சாலையைக் குறிக்கும் பி, டி, எஸ் (P, D, S) என்ற எழுத்துகளில் ஒன்று இருக்கும், போர் முடிந்ததும் இவற்றைத் தனியே பிரித்தெடுக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் அப்படிப் போட்டார்கள், ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையின் பி அமெரிக்க நாணயத்தில் முதன்முதலில் வந்ததும் இதில்தான். மாங்கனீசால் கறுத்துப் போயிருந்தால் தயவுசெய்து தேய்க்காதீர்கள், மதிப்பே போய்விடும்.

அப்புறம், வெள்ளி இல்லாவிட்டாலும் பக்கத்தில் வைக்கவேண்டியது கனடாவின் 1943 வெற்றிக் காசு. விளிம்பைச் சுற்றி மோர்ஸ் குறியீட்டில், மனமுவந்து உழைத்தால் வெல்வோம் என்ற செய்தி இருக்கிறது. அது போர்முனைக்குப் பின்னால் நின்று உழைத்த மக்களுக்கானது. கிடைத்தால் விடாதீர்கள்.